மருந்தும் வேண்டும், கவனமும் வேண்டும்

குழந்தைக்கு ஐந்து நாட்களாகக் காய்ச்சல் விடவில்லை. கண்கள் சிவந்திருக்கின்றன. உதடு வெடித்திருக்கிறது. உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறி, கை கால்களில் வீக்கம். தட்டம்மை என்று எண்ணிவிடுவது சுலபம். ஆனால் அது கவாசாகி நோயாகவும் இருக்கலாம்.

ஜப்பானிய டாக்டர் டோமிசாகு கவாசாகி 1961ல் டோக்கியோவில் நாலு வயதுச் சிறுவன் ஒருவனிடம் இதை முதலில் கவனித்தார். 1967ல் 50 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டார். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே பீடிக்கும் இந்நோயில் ரத்தக் குழாய்கள் அழற்சி அடைகின்றன. சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இருதயத்தின் ரத்தக் குழாய் புடைத்துவிடுகிறது. காய்ச்சல் கண்ட பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை ரத்தத்தில் ஏற்றி, ஆஸ்பிரினும் கொடுத்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. காய்ச்சல் தணிந்த பிறகும் ரத்தம் உறையாதிருக்கச் சில வாரங்கள் சிறிய அளவில் ஆஸ்பிரின் தொடரும்.

வயிற்றில் என்ன நடக்கிறது?

இரைப்பையின் உட்சவ்வை அமிலம் அரிக்காமல் காப்பவை புராஸ்டாகிளாண்டின்கள். அவை உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971ல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். காப்பு குறைந்தால் சவ்வு புண்ணாகலாம். ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களின் வேலையும் மட்டுப்படுவதால், கசியும் ரத்தம் எளிதில் நிற்பதில்லை. குழந்தைகளிடம் இது அபூர்வம்தான். ஆனால் ஏற்பட்டால் அலட்சியம் கூடாது.

அடையாளங்கள்

மலம் தார் போல் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போகும். வாந்தியில் ரத்தமோ, காப்பித்தூள் போன்ற துகள்களோ தென்படும். குழந்தை வெளுத்துச் சோர்ந்துவிடும். இரும்புச்சத்து டானிக் குடித்தாலும் மலம் கறுக்கும். அது எது என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். கொடுக்கும் மருந்துகள் அனைத்தையும் அங்கே காட்ட வேண்டும். மருந்தை நிறுத்துவதா, மாற்றுவதா என்பது டாக்டரின் பொறுப்பு. பயந்துபோய்ப் பெற்றோரே நிறுத்திவிட்டால் இருதயத்துக்கு ஆபத்து. இடையில் ஐபுபுரூபன் போன்ற வலி மருந்துகளைத் தாமாகக் கொடுப்பதும் தவறு.

சாதாரணக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கவாசாகி நோய்க்கு அது மருந்தாவது டாக்டரின் கண்காணிப்பில்தான்.