பெயர்களைத் தாங்கும் கல்

இங்கிலாந்து தேசத்தின் கிராமங்களிற் பெரும்பாலானவற்றில், மாதா கோவிலுக்கு அருகிலோ நாற்சந்தியிலோ ஒரு கற்சிலுவையையோ தூணையோ காணலாம். 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் மாண்ட அவ்வூர் வாலிபர்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருக்கும். அதை வெறும் அலங்காரச் சின்னம் என்று எண்ணுதல் தவறு. போர்க்களத்தில் இறந்தோரின் உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரலாகாதென்று 1915-ம் வருஷத்தில் தடை விதிக்கப்பட்டது. பெற்றவள் கண்ணீர் வடிக்க ஒரு சமாதியும் இல்லாமற்போகவே, ஊர்க்கல்லே சமாதியாயிற்று.

ஸோமர்ஸெட் ஜில்லாவிலுள்ள மெல்ஸ் கிராமத்தை உதாரணமாகக் கொள்வோம். அங்குள்ள தூணை வகுத்தவர், புது டில்லியை நிர்மாணித்த சிற்பிகளில் ஒருவரான லுட்யென்ஸ். 1921 ஜூன் 26-ந் தேதி அது திறந்துவைக்கப்பட்டது. பிரிட்டிஷ் பிரதம மந்திரியாயிருந்த ஆஸ்க்வித்தின் மூத்த குமாரர் ரேமண்ட், தந்தை அப்பதவியில் இருக்கும்பொழுதே 1916-ல் போரில் மாண்டார். ஊராரின் ஏனைய மைந்தர்களின் பெயர்களோடு அவர் பெயரும் அக்கல்லில் இருக்கிறது. யுத்தத்துக்கு உத்தரவிட்ட வீட்டிலும் உழவன் வீட்டிலும் இழவு ஒன்றே என்பதை அது எடுத்துரைக்கிறது.

இத்தகைய சின்னங்களைக் காப்பது யார் பொறுப்பு? இவற்றை எழுப்பியவர்கள் ஊரார். பணம் திரட்டிய கமிட்டிகள் வேலை முடிந்ததும் கலைந்துவிட்டன. 1923-ம் வருஷத்துச் சட்டம், பாரிஷ் சபை போன்ற ஸ்தல ஸ்தாபனங்கள் இவற்றின் பராமரிப்புக்குச் செலவிடலாம் என்று அதிகாரம் அளித்தது. செலவிட்டே தீரவேண்டும் என்று கட்டளையிடவில்லை. அதிகாரம் வேறு, கடமை வேறு. எல்லோருக்கும் பொதுவான கல் எவருக்கும் சொந்தமல்லாத கல்லாவது இவ்வாறுதான். இக்குறையை நீக்கும்பொருட்டே 1997-ல் யுத்த ஞாபகச் சின்னங்களுக்கென ஒரு தர்ம ஸ்தாபனம் அங்கே தோன்றியது.

அசிரத்தையைக் காட்டிலும் கொடியது அறியாத உற்சாகம். விழா வருகிறதென்று கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், அமிலம் ஊற்றுவதும், மணலை வேகமாக வீசிச் சுரண்டுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேற்பரப்பை அரித்துவிடும். அழுக்கோடு எழுத்தும் போய்விடும். இணைப்புகளில் சிமெண்டு பூசினால், உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றிப் பனிக்காலத்தில் உறைந்து கல்லைப் பிளக்கும். சுண்ணாம்புக் காரையே அதற்குத் தகுந்தது. கல் புதிதாய்த் தோன்றவேண்டுவதில்லை; பெயர் படிக்கக்கூடியதாய் இருந்தாற் போதும்.

"யுத்தத்தை வெறுக்கும் நாம் அதன் சின்னத்தை ஏன் காக்கவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்வியே. ஆனால், யுத்தத்தைப் புகழ்வோர் பேசுவது வெற்றியை. ஊர்க்கல் பேசுவது விலையை. அவ்விலையை ஊர் ஊராக, பெயர் பெயராக எழுதிவைத்த கணக்கை அழிப்பதால் சமாதானத்துக்கு யாதொரு லாபமும் இல்லை. அடுத்த யுத்தத்துக்கு ஆள் திரட்ட வருவோருக்கே அது லாபம்.

நம் தேசத்துக்கும் இதில் பங்குண்டு. அந்த யுத்தத்தில் இந்தியர் 74,000 பேர்வரை மாண்டனர். மெல்ஸ் தூண் திறக்கப்பட்ட அதே 1921-ல் டில்லியில் அஸ்திவாரமிடப்பட்டு 1931-ல் முடிந்த இந்தியா கேட்டும் லுட்யென்ஸின் படைப்பே. அதில் 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஆனால், தமிழ்நாடு உள்ளிட்ட பல பகுதிகளின் கிராமங்களில் சர்க்கார் பதித்த கற்பலகைகளிற் பலவற்றில், யுத்தத்துக்குச் சென்றவர் இத்தனை பேர், இறந்தவர் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே உண்டு, பெயர் இல்லை. ஆங்கிலக் கிராமத்தானுக்குப் பெயர்; நம் கிராமத்தானுக்கு இலக்கம்!

இவ்வநீதிக்குச் சாட்சி அப்பலகையே. சாட்சியைச் சுண்ணாம்படித்து மறைப்பதும், சாலை அகலமாக்கும்போது பெயர்த்தெறிவதும் நம் கையாலேயே நம் வழக்கைக் கெடுப்பதாகும். 1917-ல் ஏற்பட்ட யுத்த சமாதிக் கமிஷனின் பதிவுகளில் இந்தியச் சிப்பாய்கள் பலருடைய தகப்பனார் பெயரும் ஊரும் காணப்படுகின்றன. ஒவ்வொரு ஊரிலும் படித்த வாலிபர்கள் பலகையைப் படம்பிடித்து, வாசகத்தை எழுதிவைத்து, அப்பதிவுகளில் தம் ஊராரைத் தேடுவார்களாக. கிடைக்கும் பெயர்களைப் பழைய கல்லைத் தொடாமல் அதன் அருகே வேறொரு பலகையில் பொறிப்பார்களாக. நூறு வருஷம் தாமதமாயினும், இலக்கமாக நின்றவன் அன்று மனிதனாவான்.