சட்டமும் பொருளியலும் சிலம்பும்

குன்னூர்த் தேயிலை கொச்சித் துறைமுகம் வழியே கடல் கடப்பதை நம் மாணவர் அறிவர். 1935 முதல் 1941 வரை கொச்சித் திவானாயிருந்து அத்துறைமுக வளர்ச்சிக்குத் துணைநின்ற கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரை (1892–1953) அறிந்தோர் சிலரே. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றவர் அவர். சட்டப் பட்டம் அவரை நீதிமன்றத்தில் இருத்திவிடவில்லை. 1944இல் பிரெட்டன்வுட்ஸ் நாணய மாநாட்டில் இந்தியப் பேராளர். 1947 நவம்பர் 26இல் விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்த நிதியமைச்சர்.

சட்டம் கற்றவர் நிதித்துறை ஆள்வது அக்காலத்தில் வியப்பன்று. அவரே சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்திற்கு உரையும் எழுதினார் என்பதே எமக்கு வியப்பு. வணிகர் மனையில் தொடங்கி அரசவை வழக்கில் உச்சம் பெறும் காப்பியம் அவரை ஈர்த்தது இயல்பே என்பது எம் கருத்து. ஆயினும், வணிகவியல் மாணவர் தமிழைத் தேர்வுக்குரிய சடங்காகக் கருதும் நம் வகுப்பறைகளில் இப்பெயர் ஏனோ ஒலிப்பதில்லை.