டைனோசர் கெர்ட்டி

டைனோசர் கெர்ட்டி என்பது 1914 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ஓர் அசைவூட்டக் குறும்படம் ஆகும். நாளிதழ் வரைகதைகளால் புகழ்பெற்ற வின்சர் மெக்கே இதனை உருவாக்கினார். உலகின் முதல் அசைவூட்டப் படம் இதுவே எனப் பலர் எழுதுவதுண்டு, அது சரியன்று. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிளாக்டன் 1906 இலும், பிரான்சில் எமீல் கோல் 1908 இலும் இத்தகைய படங்களை எடுத்துள்ளனர். மெக்கேயும் இதற்கு முன்னரே இரு படங்களை உருவாக்கியிருந்தார். வரையப்பட்ட ஓர் உருவத்துக்கெனத் தனிக் குணமும் மனநிலையும் உண்டு எனப் பார்வையாளரை நம்பச் செய்ததே கெர்ட்டியின் சிறப்பாகும்.

மேடையில்

இப்படம் முதலில் மேடை நிகழ்ச்சி ஒன்றின் பகுதியாக, 1914 பெப்ரவரியில் சிகாகோவில் காட்டப்பட்டது. மெக்கே கையில் சாட்டையுடன் திரையருகே நின்று கட்டளையிடுவார். குகையிலிருந்து வெளிவரும் கெர்ட்டி தலை வணங்கும், காலைத் தூக்கும், சில வேளைகளில் சொல் கேளாது. அதட்டினால் குழந்தையைப் போல் அழும். அவர் எறிவதாகப் பாவனை செய்யும் பழத்தைத் திரையில் கவ்விக்கொள்ளும். இறுதியில் மெக்கே மேடையை விட்டு மறைய, அவரது வரையப்பட்ட உருவம் திரையில் தோன்றிக் கெர்ட்டியுடன் செல்லும். அதே ஆண்டின் இறுதியில், எழுத்து அட்டைகளும் நடிகர்கள் தோன்றும் முன்கதையும் சேர்க்கப்பட்டுத் திரையரங்குகளில் வெளியானது.

நுட்பம்

மெல்லிய தாளில் ஆயிரக்கணக்கான படங்கள் வரையப்பட்டன. பின்னணியைத் தனியே வைக்க உதவும் ஒளிபுகு தாள் அப்போது வழக்கில் இல்லை. எனவே மலையும் ஏரியும் ஒவ்வொரு தாளிலும் மீண்டும் வரையப்பட்டன. இச்சலிப்பூட்டும் பணியைச் செய்தவர் ஜான் ஃபிட்சிம்மன்ஸ் என்னும் இளம் ஓவியர். தாள்கள் விலகாதிருக்க மூலைகளில் குறிகள் இடப்பட்டன. மெக்கே ஓர் அசைவின் முக்கிய நிலைகளை முதலில் வரைந்து, இடைப்பட்டவற்றைப் பின்னர் நிரப்பினார். இம்முறை பிற்கால அசைவூட்டக் கூடங்களிலும் நிலைபெற்றது. கெர்ட்டியின் மூச்சசைவுக்குத் தம் மூச்சையே கடிகாரத்தால் அளந்தார்.

காப்புரிமை வழக்கு

மெக்கே தம் முறைகளுக்குக் காப்புரிமை பெற விரும்பவில்லை. கேட்டவர்களுக்கு அவற்றை விளக்கினார். செய்தியாளர் எனக் கூறிக்கொண்டு வந்து அவற்றைக் கற்றுச் சென்ற ஜான் பிரே, பின்னர் காப்புரிமை பெற்று மெக்கே மீதே வழக்குத் தொடுத்தார். வழக்கில் மெக்கே வென்றார். பிரேயிடமிருந்து சில ஆண்டுகள் உரிமைத் தொகையும் பெற்றார்.

தாக்கம்

பஸ்டர் கீட்டன் 1923 இல் வெளிவந்த தமது படமொன்றில் டைனோசர் மீது தோன்றிக் கெர்ட்டியை நினைவூட்டினார். வால்ட் டிஸ்னி 1955 இல் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மெக்கேயின் மேடைக் காட்சியை மீண்டும் நடிக்கச் செய்தார். 1991 இல் இப்படம் ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. மெக்கே தொடங்கி முடிக்காது விட்ட இரண்டாம் கெர்ட்டி படத்தின் சில துண்டுகளே எஞ்சியுள்ளன.