மின்சாரக் காரும் லயத்து வீடும்

1985-இல் புரோட்டோன் சாகாவைக் கண்ட நாம், 2024 டிசம்பரில் அதே நிறுவனத்தின் முதல் மின்சாரக் காரான இமாஸ் 7-ஐயும் கண்டோம். அப்போது விலை ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல். மறு ஆண்டே வந்த இமாஸ் 5-இன் விலையோ அறுபதாயிரம் வெள்ளியை ஒட்டியது. ஆகவே விலை இறங்கத்தான் செய்கிறது.

தோட்டத்தில் இருக்கும் நமக்குச் சிக்கல் வேறு. காருக்கு மின்சாரம் எங்கே ஏற்றுவது? பேட்டரி 50 யூனிட் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண மூன்று முள் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 2 யூனிட்தான் ஏறும். காலியான பேட்டரி நிரம்ப ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிவிடும்! அவ்வளவு நேரம் பழைய லயத்து வயர் சூடு தாங்குமா? நீட்டு வயரை ஜன்னல் வழியே இழுத்துக் காரில் மாட்டுவது, தீயை விருந்துக்கு அழைப்பதுதான்.

வேக மின்னேற்றிகளில் ஒரு மணிக்குள் பெரும்பகுதி ஏறிவிடும். ஆனால் 2025-க்குள் நாடெங்கும் 10,000 பொது மின்னேற்றிகள் என்ற அரசின் இலக்கு எட்டப்படவில்லை; அமைந்தவையும் பெரும்பாலும் நகரங்களில். பகாவ் பக்கத்துத் தோட்டக்காரர் மின்சாரம் ஏற்றவே சிரம்பானுக்குப் போய்வருவதா?

லயத்து வீடு நம் சொந்தமுமன்று. புது வயர் போட நிர்வாகம் இணங்க வேண்டும். முன்பணம் கட்டுமுன் அதைக் கேளுங்கள்; பதிவு பெற்ற மின் பணியாளரைக் கொண்டு வீட்டு வயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.