30 வருஷ சர்வீஸுக்குப் பொன்னாடை ஓகே... கையில என்ன வரும்? கூட்டுறவுப் பண்டகசாலை ஊழியர்களின் ஓய்வுக்காலக் கணக்கு

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் கூட்டுறவு வார விழா நடக்கும். கொடியேற்றம், உறுதிமொழி, மேடை, மைக். கடைசியில் நீண்ட காலம் வேலை பார்த்தவர்களுக்குப் பொன்னாடை, கேடயம், குரூப் போட்டோ. போட்டோவின் ஓரத்தில் சட்டைப் பையில் பேனாவும் கையில் கேடயமுமாக, கொஞ்சம் கூச்சத்தோடு நிற்பவர்தான் அன்றைய நாயகர். 25, 30 வருஷமாக மளிகைக் குடோனில் மூட்டை எண்ணியவர், எடை போட்டவர், பில் எழுதியவர்.

அந்த மரியாதை தேவையா என்றால், நிச்சயம் தேவைதான். ஆனால் வீட்டுக்குப் போனதும் குடும்பம் கேட்கும் கேள்வி வேறு: ‘மாசம் எவ்வளவு வரும்?’

முதலில், இந்தப் பண்டகசாலைகள் எங்கிருந்து வந்தன?

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய மளிகைக் கடைதான் உலக நுகர்வோர் கூட்டுறவுக்கு முன்மாதிரி. மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் என்று நாலைந்து சரக்கோடு ஆரம்பித்தார்கள். சில்லறைக் கடைகள் பெருகியதும், எல்லாருக்கும் சேர்த்து மொத்தமாகக் கொள்முதல் செய்ய ஒரு அமைப்பு தேவைப்பட்டது. 1863இல் மொத்த விற்பனைக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது அப்படித்தான்.

சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், அதாவது நம்ம ‘டியூசிஎஸ்’, 1904இல் தொடங்கியது. 1962 சீனப் போர் சமயத்தில் விலைவாசியைக் கட்டுக்குள் வைக்க, மத்திய அரசு நுகர்வோர் கூட்டுறவு மொத்த விற்பனைப் பண்டகசாலைகளை ஊக்குவித்தது. கோவைக்காரர்களுக்கு ‘சிந்தாமணி’, மதுரைக்காரர்களுக்கு ‘பாண்டியன்’, சென்னைக்காரர்களுக்கு ‘காமதேனு’ என்றால் பழகிய பெயர்கள். இத்தகைய பண்டகசாலைகள் மளிகைக் கடைகளோடு ரேஷன் கடைகளையும் சேர்த்து நடத்துகின்றன.

சீனியர் ஊழியரிடம் அப்படி என்ன இருக்கு?

துவரம் பருப்பு மூட்டையில் ஊசியைக் குத்தி ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். ஈரம் எவ்வளவு, வண்டு விழ எத்தனை நாள் ஆகும், எந்தச் சரக்கை முதலில் கடைக்கு அனுப்பணும், எதை இன்னும் இரண்டு வாரம் வைக்கலாம் என்று அங்கேயே முடிவு எடுத்துவிடுவார். மூட்டைக்குக் கீழே பலகை போடாமல் அடுக்கினால் தரை ஈரம் ஏறும், சுவரை ஒட்டி அடுக்கினால் காற்று போகாது. இதெல்லாம் கம்ப்யூட்டர் ஸ்டாக் பட்டியலில் வராது. பட்டியல் ‘50 மூட்டை’ என்று காட்டும். அதில் 3 மூட்டை மழையில் நனைந்தது அவருக்குத்தான் தெரியும்.

மிளகாய்க்கு எந்த மாதம் விலை இறங்கும், தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னால் கடலை மாவு கேட்க ஆரம்பிப்பார்கள், எந்த வியாபாரி சாக்கு எடையையும் சரக்கில் சேர்த்துக் காட்டுவார்... எல்லாம் மனக்கணக்கு. புதுசாகச் சேர்ந்த பையன் ஒவ்வொன்றுக்கும் ‘அண்ணே, இது எந்த அடுக்கு?’ என்று அவரிடம்தான் ஓடுவான்.

சரி, கணக்குக்கு வருவோம்

ஒருவர் 1996 ஜனவரியில் சேர்ந்து, 2026 ஜனவரியில் 58 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய். (26 என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கு, கீழே பாருங்க.)

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி: ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். மாதத்தை 26 வேலை நாளாகக் கணக்கிடுவார்கள். 26,000ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 1,000. அதை 15ஆல் பெருக்கினால் 15,000. 30 ஆண்டுக்கு 4,50,000 ரூபாய். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அதுவும் முழு ஆண்டுதான். சட்டப்படி உச்சவரம்பு 20 லட்சம். பணம் சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்கணும், தாமதித்தால் வட்டியும் தரணும்.

2025 நவம்பர் 21 முதல் பழைய 1972 சட்டத்துக்குப் பதிலாக சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 15/26 கணக்கு மாறவில்லை. ஆனால் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், கூடுதல் தொகை ‘ஊதியம்’ என்ற கணக்கில் சேரும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி கிராஜுவிட்டியைக் குறைக்கும் வழி இதனால் சுருங்குகிறது.

பென்ஷன்தான் அதிர்ச்சி

பிஎஃப் கணக்கில் ஊழியரின் 12 சதவீதம் முழுசாகச் சேரும். நிறுவனம் போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போகும், ஆனால் 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான் கணக்கு. அதாவது மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய்.

பென்ஷன் சூத்திரம் சுலபம்: சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் ஆண்டால் பெருக்கி, 70ஆல் வகுக்கணும். 15,000 × 30 ÷ 70 போட்டால் 6,400 ரூபாய்க்கு மேல் வரும். ‘பரவாயில்லையே’ என்று தோன்றும்.

அங்கேதான் சிக்கல். 2014 செப்டம்பருக்கு முன்பு உச்சவரம்பு 6,500 ரூபாய்தான். அதுவரை பார்த்த சர்வீஸுக்கு அந்தப் பழைய வரம்புப்படிதான் கணக்கு. நம்ம ஆளின் 30 ஆண்டில் 18 வருஷம் 8 மாசம் அதற்கு முந்தையது. அந்தப் பகுதிக்கு 1,700 சொச்சம், மீதி 11 வருஷம் 4 மாசத்துக்கு 2,400 சொச்சம். 20 ஆண்டு தாண்டியவர்களுக்குக் கிடைக்கும் 2 ஆண்டு போனஸ் சர்வீஸைச் சேர்த்தாலும், மாதம் நாலாயிரத்துச் சொச்சத்தில்தான் நிற்கும். விலைவாசி ஏறினால் இதில் அகவிலைப்படி ஏறாது. 58 வயதில் வாங்கும் அதே தொகைதான் 78 வயதிலும்.

30 வருஷம் ஊருக்கே அரிசி பருப்பு எடை போட்டவர், தன் வீட்டு மளிகை பில்லுக்கு யோசிக்க வேண்டிய தொகை இது. குறைந்தபட்ச பென்ஷன் 2014 முதல் 1,000 ரூபாய். அதை உயர்த்தக் கேட்டு ஓய்வூதியர்கள் தெருவில் இறங்குவது ஏன் என்று இந்தக் கணக்கைப் போட்டால் புரியும்.

சின்னச் சங்கங்களில் இன்னொரு பள்ளமும் இருந்தது. 1952 பிஎஃப் சட்டத்தின் 16ஆவது பிரிவு, 50 பேருக்குக் குறைவாக வைத்து, மின்சக்தி இல்லாமல் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு விலக்கு கொடுத்தது.

லாபத்தில் ஊழியருக்குப் பங்கு கிடையாதா?

கூட்டுறவு உறுப்பினர்களுடையது. ஊழியர் உறுப்பினராக இருந்தால் ஈவுத்தொகை வரலாம், ஊழியர் என்பதற்காக வராது. இது பழைய சண்டை. 1870களில் இங்கிலாந்தின் மொத்த விற்பனைச் சங்கம் தொழிலாளருக்கு லாபப் பங்கு கொடுத்துப் பார்த்துவிட்டு, சில ஆண்டிலேயே நிறுத்தியது. ஸ்காட்லாந்துச் சங்கம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. நம்மூரில் அந்த இடத்தில் இருப்பது சட்டப்படியான போனஸ்: 8.33 முதல் 20 சதவீதம் வரை.

புதிதாக வருபவர்களின் தொடக்கமும் பெரிசில்லை. 2022இல் வந்த ரேஷன் கடை வேலை அறிவிப்புகளில் விற்பனையாளருக்கு முதல் ஓராண்டு தொகுப்பூதியம் 6,250 ரூபாய், கட்டுநருக்கு 5,500 ரூபாய். அதன் பிறகுதான் காலமுறை ஊதியம்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுறவங்களுக்கு இதுல என்ன?

நிறையவே இருக்கு. பென்ஷனுக்குக் குறைந்தது 10 ஆண்டு சர்வீஸ் வேணும். அது ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை மாறும்போதெல்லாம் பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால் சர்வீஸ் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். பணத்தை எடுக்காமல் பழைய கணக்கைப் புதியதுக்கு மாற்றுங்க. சிறிது காலம் வேலையில் இருக்க மாட்டோம் என்றால் ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ வாங்கி வைக்கலாம். கிராஜுவிட்டிக்கு மட்டும் ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து 5 ஆண்டு வேணும். புதிய சட்டப்படி குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டு போதும். பணியில் இருக்கும்போது இறந்தாலோ, உடல் ஊனமுற்றாலோ இந்த ஆண்டு வரம்பு கிடையாது.

விழா எடுக்கும் சங்கங்கள் ஒரு சின்ன வேலை செய்தால் பெரிய உபகாரம். கேடயத்தோடு சேர்த்து கிராஜுவிட்டி காசோலையையும் அதே மேடையில் கொடுக்கலாம். அதற்கு ஒரு வருஷம் முன்பே பேப்பரைத் தயார் செய்யணும். பணம் தாமதமாவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது பெயரும் பிறந்த தேதியும்தான். 1996இல் பதிவேட்டில் எழுத்தர் கையால் எழுதியது ‘பழனிச்சாமி’, ஆதாரில் இருப்பது ‘பழனிசாமி’. அந்த ஒரு ‘ச்’சை எடுக்க, ஓய்வு பெற்ற பிறகு பிஎஃப் ஆபீஸ் படி ஏறுவதைவிட, சர்வீஸில் இருக்கும்போதே நிறுவனத்தின் கையெழுத்தோடு திருத்துவது சுலபம்.