கூண்டுக்குள் பாம்புகள் – 9: கண்ணுக்கும் ஒரு சட்டை

அமெரிக்க வீடுகளில் பெருமளவில் வளர்க்கப்படும் கார்ன் பாம்பு அந்நாட்டின் தென்கிழக்குப் பகுதிக்குரிய நஞ்சற்ற இனம் என்பதும், அதன் மேல்தோல் சட்டையாக ஒருசேரக் கழலும் என்பதும் முன்னரே சொல்லப்பட்டன. மறந்தோர் சென்ற இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இவ்வாரத்திற்கு உரியது ஈரப்பெட்டி. ஆயினும் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் அதற்குள் நுழைய இயலாது.

பாம்புக்கு அசையும் இமைகள் இல்லை. அவற்றுக்கு ஈடாக, ஒளி ஊடுருவும் ஒரு செதில் விழியை மூடியிருக்கிறது. கண்ணாடிச் செதில் எனத்தக்க இதன் மேலடுக்கும் தோலின் பகுதியே ஆதலால், சட்டையுடன் சேர்ந்து கழல்கிறது. பழைய மேல்தோலுக்கும் அதன் அடியில் உருவான புதிய மேல்தோலுக்கும் இடையே நீர்மம் சேரும்போது உடலின் நிறம் மங்கி, கண் பால் கலந்த நீலமாகிறது. பார்வை குன்றிய பாம்பு எளிதில் மிரண்டு கடிக்க முற்படும் என்பதாலும், புதுத்தோல் மென்மையானது என்பதாலும், அந்நாட்களில் அதைக் கையில் எடுக்கலாகாது. இரையை மறுத்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. பின்னர்க் கண் தெளிந்துவிடுவதைக் கண்டு எல்லாம் முடிந்ததென்று புதியவர்கள் ஏமாறுவதுண்டு; சட்டை உரிவதோ அதற்கும் சில நாட்கள் கழித்துத்தான்.

தோல் என்றால் அதற்குக் குருதி வேண்டும். குருதி நாளங்களோ பார்வைக்குக் குறுக்கே நிற்கும். சாளரக் கண்ணாடியில் சிலந்தி வலை படர்ந்ததற்கு ஒப்பான இந்தச் சிக்கலைப் பாம்பு எவ்வாறு தீர்க்கிறது என்பதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் வான் டோர்னும் ஜேக்கப் சிவாக்கும் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கோச்விப் என்னும் பாம்பினத்தில், ஓய்வு வேளையில் அந்நாளங்கள் விரிவதும் சுருங்குவதுமாக இருக்கின்றன. அப்போதும் சுருங்கியிருக்கும் நேரமே மிகுதி. அச்சுறுத்தும் காட்சி எதிர்ப்பட்டால் அவை சுருங்கி, வழக்கத்தினும் நெடுநேரம் அவ்வாறே நிற்கின்றன; அதாவது, தெளிந்த பார்வை தேவைப்படும் கணத்தில் கண்ணுக்குக் குருதித்திரை விலக்கப்படுகிறது. புதிய மேலடுக்கு வளரும் காலத்தில் மட்டும் இந்த முறைமாற்றம் நின்றுபோய், நாளங்கள் விரிந்தபடியே இருக்க, குருதி இடைவிடாது பாய்கிறது. பாம்பைக் கட்செவி, அதாவது கண்ணையே செவியாக உடையது, என்று வழங்கிய தமிழ், அக்கண்ணுக்குத் தோலும் உண்டென்பதைப் பெயரில் சேர்க்காமல் விட்டது சற்றே குறைதான்.

சட்டை என்ற சொல்லிலோ குறை காண்பதற்கில்லை. உதட்டருகே பிளந்து, கொம்பிலும் கல்லிலும் உராய்ந்து, உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பியபடி அது கழல்கிறது. செதில்களுக்கு இடையேயுள்ள மடிப்புகளும் விரிந்துகொள்வதால், உரி பாம்பைவிட நீண்டிருக்கும்.

கிடைத்த உரியில் இரு கண்மூடிகளும் வால்நுனியும் உள்ளனவா என்று பார்ப்பது வளர்ப்பவரின் முதல் வேலை. வாலில் வளையமாகத் தங்கிய பழந்தோல் இறுகிக் குருதியோட்டத்தைத் தடுத்து நுனியை அழுகச் செய்யக்கூடும். வெதுவெதுப்பான ஈரம் அதை நெகிழ்த்தும். கண்மூடி தங்கிவிட்டால் இடுக்கியால் பிடுங்குவது புதிய செதிலையே கிழித்துவிடும் என்பதால், அதை ஊர்வனவற்றில் தேர்ந்த கால்நடை மருத்துவரிடம் விடுவதே முறை. இத்தகைய தேக்கம் பெரும்பாலும் கூண்டின் வறட்சியால் வருவது. அவ்வறட்சியைப் போக்கும் ஈரப்பெட்டி, கண் எடுத்துக்கொண்ட இடம் போக மிச்சமில்லாமையால், அடுத்த வாரம்.