இடைத் தேர்தல்

ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் பொதுத் தேர்தலின் இயல்பை நம்மிற் பலரும் அறிவர். இரு பொதுத் தேர்தல்களுக்கு நடுவே ஒரு தொகுதியின் ஆசனம் ஒழியுமாயின், அதனை நிரப்புதற்பொருட்டு அத்தொகுதியில் மட்டும் நடைபெறும் இடைத் தேர்தலின் இயல்பையோ கற்றவரும் ஆராய்ந்தறிந்தாரல்லர். கட்சிகளின் வலிமையை நிறுக்கும் துலாக்கோல் என்றே பெரும்பாலார் அதனைக் கொள்கின்றனர். எம் கருத்து வேறு. இடைத் தேர்தலாவது, குடிகள் இழந்த குரலை அவர்க்கு மீட்டளிக்கும் கடமை. அக்கடமை காலந்தாழ்க்குங்கால் நேரும் இழப்பும் குடிகளையே சாரும். மாமல்லபுரக் கடற்கரையைத் தன்னகத்தே கொண்ட திருப்போரூர்த் தொகுதியின் அண்மை வரலாற்றைக் கொண்டு இதனை ஒருவாறு விளக்கப் புகுவாம்.

சட்டசபையில் ஓர் ஆசனம் ஒழிதற்குரிய காரணங்கள் பல. உறுப்பினர் இறத்தல், பதவியை இராஜிநாமாச் செய்தல், சபையின் அனுமதியின்றி அறுபது நாள் கூட்டங்கட்கு வாராதொழிதல், இரு தொகுதிகளில் வென்றவர் ஒன்றைத் துறத்தல், அவரது தேர்தல் செல்லாதென நீதிமன்றம் தீர்த்தல், தகுதி நீக்கம் பெறுதல் என்பன அவற்றுள் முதன்மையானவை. தகுதி நீக்கத்துள்ளும் கட்சி மாறுதல் பற்றிய விதி, 1985ஆம் ஆண்டின் 52ஆவது திருத்தத்தால் அரசியற் சட்டத்தில் பத்தாம் அட்டவணையாகச் சேர்க்கப்பட்டது. அவ்விதிப்படி ஒருவர் உறுப்பினராக நீடிக்கலாமா என்று தீர்க்கும் அதிகாரம் சபாநாயகர்க்கு உரியது.

ஆசனம் ஒழிந்தபின் ஆவது யாது? அத்தொகுதி மக்களைப் புதிய உறுப்பினர் ஒருவரைத் தேர்ந்தெடுக்குமாறு தேர்தல் கமிஷன் அழைத்தல் வேண்டுமென்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகின்றது. எத்துணைக் காலத்துள் என்பது அச்சட்டத்திற் பன்னெடுநாள் வரையறுக்கப்படாதிருந்தது. 1996இல் 151அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, ஆறு மாதத்துள் இடைத் தேர்தல் நடத்தல் வேண்டுமென்ற வரையறை ஏற்பட்டது. இதற்கு விலக்கு இரண்டு. எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டிற் குறையுமாயின் தேர்தல் வேண்டுவதில்லை. அக்காலத்துள் நடத்துதல் அரிதென்று தேர்தல் கமிஷன் மத்திய அரசாங்கத்தைக் கலந்து சான்று தருமாயினும் காலம் நீட்டிக்கப்படலாம். இடைத் தேர்தலில் வென்றவர் முன்னவர் விட்ட எச்சக் காலத்திற்கே உரியவராவர். புதிதாக ஐந்தாண்டு அவர்க்கு இல்லை.

பிற நாடுகளின் வழக்கமும் ஈண்டு நோக்கத்தக்கது. பிரிட்டனில் சட்டம் காலம் வரையறுக்காவிடினும், மூன்று மாதத்துள் தேர்தற் கட்டளை பிறப்பித்தல் மரபாய் உள்ளது. ஜெர்மனியின் பாராளுமன்றத்திலோ ஓரிடம் ஒழிந்தால், கட்சி முன்னரே அளித்த பட்டியலில் அடுத்து நிற்பவர் அவ்விடத்தைப் பெறுவர். அமெரிக்க செனட் சபையில் இடம் ஒழியுங்கால், பல ராஜ்யங்களில் கவர்னரே ஒருவரைத் தற்காலிகமாக நியமிக்கின்றார். நம் நாடு சட்டசபைக்குப் பட்டியலையும் நியமனத்தையும் விடுத்து, வாக்காளரிடமே மீளச் செல்லும் நெறியைக் கொண்டது. நெறி உயர்ந்ததே, ஆயினும் வாக்காளரிடம் மீளும் வரையில் அவ்வாசனம் வெறுமையாய்க் கிடக்கும் என்பதை மறத்தலாகாது.

இனித் திருப்போரூரை நோக்குவாம். 2016ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அத்தொகுதியினின்று அ.இ.அ.தி.மு.க.வைச் சார்ந்த கோதண்டபாணி என்பார் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2017 ஆகஸ்டு மாதத்தில் அக்கட்சி உறுப்பினருள் ஒரு சாரார், முதன் மந்திரி எடப்பாடி கே. பழனிசாமியிடம் நம்பிக்கையில்லையெனக் கவர்னரிடம் கடிதம் அளித்தனர். அவர்களுள் 18 பேரைச் சபாநாயகர் ப. தனபால் 18-9-2017இல் தகுதி நீக்கஞ் செய்தார். திருப்போரூர் உறுப்பினரும் அவருள் ஒருவர். வழக்கு ஹைக்கோர்ட்டை அடைந்தது. தீர்ப்பு வரும்வரை இடைத் தேர்தல் அறிவிக்கலாகாதெனத் தடையும் பிறந்தது. 14-6-2018இல் இரு நீதிபதிகள் தம்முள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். மூன்றாம் நீதிபதி 25-10-2018இல் தகுதி நீக்கம் செல்லுமென்று தீர்த்தார். அவ்வழக்கின் நியாயாநியாயங்களை ஆராய்தல் ஈண்டு எம் நோக்கமன்று. வழக்காடுவோர்க்கு வழக்காடும் உரிமை உண்டு. நீதிபதிகட்கு ஆராயுங் காலமும் வேண்டும். ஆயினும் அக்காலமெல்லாம் கடலோர மக்கள் காத்திருந்தனர் என்பதே எம் கூற்று.

10-3-2019இல் தேர்தல் கமிஷன் பாராளுமன்றப் பொதுத் தேர்தலோடு இவ்விடைத் தேர்தல்களையும் சேர்த்து அறிவித்தது. மார்ச்சு 19இல் அறிக்கை வெளிவந்தது, 26 முடிய நியமனப் பத்திரங்கள் பெறப்பட்டன, 27இல் பரிசீலனை, 29இல் அபேட்சகர் விலகிக்கொள்ளுதற்குக் கடைநாள். ஏப்ரல் 18இல் திருப்போரூர் வாக்காளர், காஞ்சிபுரம் பாராளுமன்றத் தொகுதிக்கு ஒன்றும் சட்டசபைக்கு ஒன்றுமாக இரு வாக்குகளை ஒரே சாவடியில் அளித்தனர். நாட்டின் ஏனைய பகுதிகளில் வாக்குப்பதிவு முடியும்வரை எண்ணிக்கை நிறுத்திவைக்கப்பட்டு, மே 23இல் முடிவு வெளியாயிற்று. தி.மு.க.வைச் சார்ந்த இதயவர்மன் வெற்றிபெற்றார். ஏப்ரலிலும் மேயிலுமாகத் தமிழ்நாட்டில் நடந்த 22 இடைத் தேர்தல்களில் தி.மு.க. 13 இடங்களையும், ஆளுங்கட்சியான அ.இ.அ.தி.மு.க. 9 இடங்களையும் பெற்றன.

ஆசனம் ஒழிந்த நாள்தொட்டு முடிவு வெளியான நாள்வரை எண்ணின் 612 நாள் ஆகின்றது. சட்டம் கருதிய ஆறு மாதத்தினும் இது மும்மடங்கிற்கு மேற்பட்டது. இக்காலத்திற் சட்டசபையின் கணக்கும் மாறியது. 234 இடங்களுக்குப் பெரும்பான்மை 118. அப்பதினெட்டை மட்டும் கழிப்பின் எஞ்சிய 216க்குப் பெரும்பான்மை 109. ஒழிந்த ஆசனங்கள் ஓர் அரசாங்கத்தின் வாழ்வையும் வீழ்வையும் தொடும் வலிமையுடையன என்பது இதனால் விளங்கும்.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டின் பஞ்சாயத்துகள், பேரூராட்சிகள் முதலியவற்றின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது; அதன்பின் அவை தனி அதிகாரிகளாலேயே நடத்தப்பட்டு வந்தன. புதிதாக அமைந்த செங்கற்பட்டு ஜில்லாவின் ஊரகப் பகுதிகளுக்கு 2021 அக்டோபரிலும், மாமல்லபுரம் முதலிய பேரூர்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. ஆதலின் அவ்விருபது மாதமும் கோவளம், மாமல்லபுரம் முதலிய ஊரார்க்கு வார்டு உறுப்பினரும் இலர். சட்டசபை உறுப்பினரும் இலர். டெல்லி சென்ற பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே அவர் தேர்ந்தெடுத்த பிரதிநிதியாய் எஞ்சினார். கடலரிப்பால் கரையிழக்கும் செம்படவரும், சாலை அகலமாகுங்கால் நிலமிழக்கும் உழவரும், உளியை நம்பி வாழும் சிற்பியரும் தம் குறையை அதிகாரிகளிடம் மனுவாக அளிக்கலாம். ஆனால் மந்திரியை எழுந்து நின்று வினவி விடைபெறும் உரிமை சட்டசபை உறுப்பினர்க்கே உண்டு. அவ்வினவுதற்குரிய வாயே அத்தொகுதிக்கு இல்லாதிருந்தது.

அதே பாராளுமன்றத் தொகுதியுள் அடங்கிய உத்தரமேரூரை ஈண்டு நினைத்தல் பொருந்தும். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறித்த குடவோலை விதிகள் இன்றும் உள்ளன. ஊரை 30 குடும்புகளாக வகுத்து, ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். வாரியப் பதவி 360 நாள் அளவினதே. குற்றங் கண்டவழி வாரியரை நீக்குதற்கும், கணக்குக் காட்டாதவரை விலக்குதற்கும் விதி இருந்தது. அச்சபை பிராமணர்க்கே உரியது. நிலமும் கல்வியும் உடையாரே ஓலையில் இடம்பெற்றனர். ஆதலின் எல்லார்க்கும் வாக்குரிமையுள்ள இக்கால நெறியோடு அதனை ஒன்றென்னல் தவறு. ஆயினும் 360 நாளை ஒரு முழுப் பதவிக்காலமாக எண்ணிய ஊருக்கு அணித்தேயுள்ள தொகுதி, 612 நாள் பிரதிநிதியின்றிக் கிடந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

தாமதத்திற்குச் சட்டமும் வழக்குமே காரணம் என்று முடித்தலும் ஒல்லாது. 2016 டிசம்பர் 5இல் ஜெ. ஜெயலலிதா மறைந்ததால் ஒழிந்த சென்னை இராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதிக்கு 2017 ஏப்ரல் 12இல் இடைத் தேர்தல் குறிக்கப்பட்டிருந்தது. வாக்காளர்க்குப் பணம் வழங்கப்படுகின்றதென்பது பற்றித் தேர்தல் கமிஷன் அதனை ரத்துச் செய்தது. தேர்தல் டிசம்பர் 21இல்தான் நடந்தேறியது. ஆண்டொன்றிற்கு மேல் அத்தொகுதி குரலற்றிருந்ததற்கு, கொடுத்தோரோடு கைநீட்டி வாங்கினோரும் பொறுப்பாவர். ஒரு தொகுதியில் மட்டும் நிகழ்வதால் கட்சிகளின் செல்வமும் ஆட்பலமும் அங்கேயே வந்து குவியும். ஆதலின் பொதுத் தேர்தலினும் இடைத் தேர்தலிலேயே வாக்காளரது நாணயம் மிகுதியும் சோதிக்கப்படுகின்றது.

யாது செய்யத்தகும்? கட்சி மாறுதல் பற்றிய வழக்குகளுக்கு முடிவுகூறக் காலவரையறை வேண்டும். ஆறு மாத விதிக்குள்ள விலக்குகள் அருகியே கையாளப்படல் வேண்டும். இவை சட்டமியற்றுவோர் கடன். மாணவர்க்கும் கடன் உண்டு. பதினெட்டு வயது நிரம்பியவுடன் தம் பெயர் வாக்காளர் பட்டியலில் உளதாவென நோக்குக. தம் தொகுதியின் ஆசனம் ஒழியின் அஃது எந்நாள் ஒழிந்தது, ஆறு மாதம் எந்நாளில் நிறைவுறும் என எண்ணிக் குறித்துக் கொள்க. நாள் கடப்பின் காரணம் வினவுக. நாளை எண்ணும் குடிகள் உள்ள தொகுதியில் ஆசனம் நெடுநாள் வெறிதே கிடத்தல் அரிது.